ஒரு டம்ளரில் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். வேண்டாம்

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை அவன் குடிக்கவா போகிறான், ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்.ஸை ஒரே டம்ளரில் கெட்டியாகக் கரைத்துக் கொடு, தெம்பு வரும் என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பேதி இன்னும் அதிகமாகும். ரத்தத்தில் சோடியமும் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டு, குழந்தை தாகத்தில் தவித்தாலோ, சோர்ந்து தூங்கி வழிந்தாலோ, கண் குழிவிழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலும் அப்படியே.

காரணம் இதுதான். நம் குடல் செல்களில் தண்ணீரை உறிஞ்சவென்று தனிப் பம்பு எதுவும் கிடையாது. உப்பும் சர்க்கரையும் எந்தப் பக்கம் அதிகமாகக் கரைந்திருக்கின்றனவோ, செல் சவ்வைக் கடந்து அந்தப் பக்கம் தண்ணீர் தானாகவே போகும். பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்திருப்பீர்கள். மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பதும் அதனால்தான்.

கரைந்திருக்கும் துகள்களை மில்லி ஆஸ்மோல் கணக்கில் அளப்போம். ரத்தத்தில் அது லிட்டருக்குச் சுமார் 290. ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் 245. ரத்தத்தைவிடக் குறைவு, அதனால் தண்ணீர் குடலிலிருந்து உடம்புக்குள் போகிறது. அதே பாக்கெட்டை 200 மில்லி டம்ளரில் கரைத்தால் 1,225! ரத்தத்தைப் போல நாலு மடங்குக்கும் மேல். இப்போது தண்ணீர் உடம்பிலிருந்து குடலுக்குள் இறங்கும்.

அப்படியானால் வெறும் தண்ணீரே போதாதா என்று கேட்பீர்கள். பேதியில் தண்ணீரோடு உப்பும் போய்விடுகிறது. உப்பை ஈடுகட்டாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, மூளைச் செல்களுக்குள் தண்ணீர் புகுந்து வீங்கி, வலிப்பு வரைக்கும் போகலாம். சர்க்கரையும் ருசிக்காகச் சேர்த்ததல்ல. குடல் செல்லின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே விடும். அவை உள்ளே போனதும் தண்ணீர் பின்னாலேயே போகும். காலராவிலும்கூட இந்த வழி அடைபடுவதில்லை. 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு-குளுக்கோஸ் கரைசலை வாய்வழியாகவே கொடுக்கவைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த காலரா சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

அளவை ஒட்டிப் பின்னும் ஒரு திருத்தம் நடந்தது. பழைய கலவை 311 மில்லி ஆஸ்மோல். 2002இல் உலக சுகாதார நிறுவனம் அதை 245ஆகக் குறைத்தது. மலமும் வாந்தியும் குறைந்ததுதான் காரணம். ஆகவே கூடச் சர்க்கரை, குளுக்கோஸ் பொடி, ஜூஸ் எதையும் இதில் கலக்காதீர்கள்.

பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் மெடிக்கலில் கிடைக்கும். உங்களுக்கு அதுதான் வசதி. பெரிய பாக்கெட் என்றால் ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதும் கரைத்து மூடி வையுங்கள். குழந்தை குடித்ததுபோக மீந்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். பாதிப் பாக்கெட்டை அரை லிட்டரில் போடுவது எனக்கு உடன்பாடில்லை, கண்ணளவில் பாதி சரியாக வருவதில்லை. ஒவ்வொரு முறை பேதியானதும் 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி தொடங்குங்கள். துத்தநாக மாத்திரை பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

கெட்டியாக எதையாவது கொடுத்தால்தான் மாமியாருக்கு மனசு ஆறுமென்றால், உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி வைக்கச் சொல்லுங்கள். கஞ்சி எப்படிக் கெட்டியாக இருக்கலாம் என்றால், சவ்வூடு பரவலுக்குத் துகள்களின் எண்ணிக்கைதான் கணக்கு, எடை அல்ல. மாவுச்சத்து பெரிய மூலக்கூறு. அதே எடை சர்க்கரையைவிட எண்ணிக்கையில் மிகக் குறைவு. செரிக்கச் செரிக்கத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸாகும். கரண்டியால் ஊட்டுகிற பதத்தில் இருக்கட்டும்.