களியக்காவிளை தாண்டும் காகிதக் கம்மலுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும்?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். ஜப்பானிய ஓரிகாமி முறையில் காகிதம் மடித்து, வார்னிஷ் பூசி, கம்மல், பென்டன்ட், முடி ஊசி செய்கிறேன். ஆண்டு விற்பனை நான்கு லட்சத்துக்குள். ஜி.எஸ்.டி. பதிவு இல்லை. இன்ஸ்டாகிராம் ஆர்டர், கண்காட்சி ஸ்டால், ஒரு கடை என்று பாதிக்கு மேல் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறது. போன மாதம் களியக்காவிளை எல்லையைக் கடந்து, கேரளத்துப் பாறசாலை தாண்டியதும் அதிகாரிகள் பெட்டியைத் திறந்து பார்த்து, தாள் எதுவும் இல்லை என்று எச்சரித்து அனுப்பினார்கள். அந்தக் கடைக்காரர் ‘விற்ற பிறகு பணம்’ என்று சொல்லி வாங்கிய சரக்குக்கு 38,000 ரூபாய் ஆறு மாதமாகத் தரவில்லை. இப்போது என் கொக்குக் கம்மலைப் போலவே வேறு ஆளை வைத்துச் செய்தும் விற்கிறார். என்ன செய்யலாம், வக்கீல் சார்?

பதில்: உங்கள் விற்பனை முழுவதும் தமிழ்நாட்டுக்குள் நடந்தால் பொருள் விற்பவருக்கு 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. நீங்கள் எல்லை தாண்டுகிறீர்கள். வரி விதிக்கத்தக்க பொருளை வேறு மாநிலத்துக்கு விற்பவர், ஒரே ஒரு கம்மல் விற்றாலும், பதிவு செய்ய வேண்டும் என்கிறது மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 24-ஆம் பிரிவு. கைவினைஞர்களுக்கு மட்டும் 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கைகள் இதிலிருந்து விலக்கு தருகின்றன. பெரும்பாலும் கையால் செய்த பொருளாக இருக்க வேண்டும். கொக்கியும் வளையமும் கடையில் வாங்கியவையாக இருப்பது தடையல்ல. மொத்த விற்பனை 20 லட்சத்தைத் தாண்டக் கூடாது. கண்காட்சி ஸ்டாலுக்கும் இதே விலக்கு உண்டு. ஏற்பாட்டாளர் ஜி.எஸ்.டி. எண் கேட்டால் 56/2018 மத்திய வரி அறிவிக்கையின் நகலைக் காட்டுங்கள்.

ஆனால் இந்த விலக்கு இரண்டு நிபந்தனைகளோடு வருகிறது: பான் எண் இருக்க வேண்டும், இ-வே பில் (சரக்கைக் கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் தாள்) எடுக்க வேண்டும். பலர் சறுக்குவது இரண்டாவதில்தான். 50,000 ரூபாய்க்குக் கீழே இ-வே பில் வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். பதிவு விலக்கில் இருந்துகொண்டு கைவினைப் பொருளை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகிறவருக்கு அந்த வரம்பு இல்லை. மதிப்பு எவ்வளவானாலும் எடுத்தாக வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதிகளின் 138-ஆம் விதி தனியாகவே சொல்கிறது. இரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கும், கூரியரில் போகும் ஒற்றைக் கம்மலுக்கும் இது பொருந்தும். இ-வே பில் தளத்தில் பதிவில்லாதவர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பான், கைப்பேசி ஓ.டி.பி. கொண்டு அதற்குள் போகலாம். பேருந்தில் போனால் அந்தப் பேருந்தின் எண்ணை வாகன எண்ணாகக் கொடுங்கள். 200 கிலோமீட்டர் வரை ஒரு நாள் செல்லும் என்பதால் கிளம்பும் அன்றே எடுங்கள். கூடவே உங்கள் பெயர், முகவரி, பான், பொருள், எண்ணிக்கை, விலை எழுதிய சாதாரண பில் ஒன்று. அதில் வரி என்று ஒரு ரூபாய்கூடச் சேர்க்காதீர்கள். பதிவில்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது.

கம்மலுக்கும் பென்டன்ட்டுக்கும் ஹெச்.எஸ்.என். எண் (ஜி.எஸ்.டி.யில் பொருளின் வகையைக் குறிக்கும் எண்) 7117, இமிடேஷன் நகை. முடி ஊசி அதில் வராது, அது 9615. பில்லில் தனி வரிசையாக எழுதுங்கள். இமிடேஷன் நகைக்குக் கிடைக்கும் கைவினை விலக்கு முடி ஊசிக்கும் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். எல்லை தாண்டும் பெட்டியில் முடி ஊசி வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அமேசான் போன்ற தளம் வழியே கேரளத்துக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் இந்த வழியை நம்ப வேண்டாம், பதிவு எடுத்துவிடுங்கள்.

அடுத்து கடைக்காரர் பாக்கி. வாய்ப்பேச்சில் நடக்கும் ‘விற்ற பிறகு பணம்’ ஏற்பாட்டில், சரக்கு இன்னும் உங்களுடையதா, அவர் வாங்கிவிட்டாரா என்பதே தெளிவாக இருக்காது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும்: திருப்பித் தரக் குறித்த காலமோ, குறிக்காவிட்டால் நியாயமான காலமோ கடந்த பிறகும் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தால் அவர் வாங்கியதாகவே கணக்கு. எனவே முதலில், பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். எந்தத் தேதியில் எத்தனை ஜோடி, என்ன விலை, எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று எழுதி, பத்து நாளில் பணமோ சரக்கோ வர வேண்டும் என்று கேளுங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். “அடுத்த மாதம் தருகிறேன்” என்று மட்டும் வரும் பதிலைவிட, பாக்கித் தொகையை அவரே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட தாள் பல மடங்கு பலம். வழக்குப் போடுவதற்கான மூன்று ஆண்டுக் காலவரையறையும் அவர் கையெழுத்திட்ட நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். அந்த உரையாடல்கள் உள்ள கைப்பேசியை விற்கவோ அழிக்கவோ வேண்டாம். பணம் உங்கள் ஊர் வங்கிக் கணக்குக்கே வந்துகொண்டிருந்தது என்றால், குழித்துறை நீதிமன்றத்திலேயே வழக்குப் போட வாதம் உண்டு.

இனி அனுப்பும் சரக்குக்கு உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் ஆன்லைன் பதிவு) எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரும் பானும் போதும், கட்டணம் இல்லை. குறுந்தொழில் உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பாக்கி வைக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டியைப் போல மூன்று மடங்கில் மாதாமாதம் கூட்டுவட்டி. வாங்கியவர் கேரளத்தில் இருந்தாலும், விற்பவர் இருக்கும் மாநிலத்தில், இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம் என்பது எல்லையோரத் தொழிலுக்குப் பெரிய பலம். சரக்கு போன பிறகு எடுத்த பதிவு பழைய பாக்கிக்கு உதவாது என்று சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

கொக்கு விஷயத்தில் உங்களுக்கு வருத்தமான பதில்தான். ஓரிகாமிக் கொக்கு மரபு மடிப்பு. 1797-இலேயே கியோட்டோவில் கொக்கு மடிப்புக்கென்றே புத்தகம் வந்துவிட்டது. அது யாருக்கும் சொந்தமில்லை, அவரைத் தடுக்கவும் முடியாது. நீங்கள் எடுத்த படங்களை அவர் தன் பக்கத்தில் போட்டால் மட்டும் பதிப்புரிமை மீறல் என்று நோட்டீஸ் விடலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இன்றைய கலைஞர்கள் வடிவமைத்த மடிப்புகளின் வரைபடங்களுக்கு இந்தியாவில் அவர்கள் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டும் பதிப்புரிமை. ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிஸாவா 2005-இல் காலமானார். அவர் படைப்புகளுக்கு 2065 வரை. புத்தகத்தையோ காணொளியையோ பார்த்து மடித்ததை விற்பதற்கு முன், எந்த மாதிரி, எத்தனை எண்ணிக்கை, பெயர் குறிப்பிட வேண்டுமா என்று மின்னஞ்சலில் கேட்டு அனுமதி வாங்கி வையுங்கள்.

நீங்களே புதிதாக உருவாக்கிய வடிவம் இருந்தால் வடிவமைப்புச் சட்டம், 2000-இன் கீழ் பதியலாம். கையால் செய்யும் பொருளும் இதில் அடங்கும். நகை வகுப்பு 11-01. தனிநபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பாதுகாப்பு 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5. முன், பின், இடம், வலம், மேல், கீழ் படங்களோடு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத் தேதிக்கு முன் அந்த வடிவம் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டுவிட்டாலும் புதுமை போயிற்று. பதியாமல் ஐம்பதுக்கு மேல் செய்துவிட்டால் பதிப்புரிமையும் கைவிட்டுப் போகக்கூடும். அடுத்த டிசைனை முதலில் விண்ணப்பியுங்கள், ரசீது வந்த பிறகு படம் போடுங்கள்.

உங்கள் பக்கத்தில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று எழுதியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். வார்னிஷ் பூசிய காகிதம் தெறிக்கும் நீரைத் தாங்கலாம், குளியலைத் தாங்காது. வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்று 2019 சட்டம் சொல்வதால், பதில் சொல்ல நீங்கள் திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கும். ‘ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்ற சீட்டை ஒவ்வொரு பெட்டியிலும் வையுங்கள்.