ஷட்டில் கோர்ட்டில் பிக்கிள்பால்: பழைய ஆட்கள் மனம் கோணாமல் தொடங்குவது எப்படி?

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் ஒரு விளையாட்டு மன்றத்துக்கு நான் செயலாளர். திறந்த வெளியில் மண் தரைப் பூப்பந்து ஆடுகளம் ஒன்றும், சிமென்ட் போட்ட ஷட்டில் கோர்ட் ஒன்றும் இருக்கின்றன. வெளியூரில் வேலை பார்த்துத் திரும்பிய சிலர், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை மட்டையால் வலைக்கு மேலே அடித்து ஆடும் பிக்கிள்பால் தொடங்கலாம் என்கிறார்கள். மூத்த உறுப்பினர்களோ, "இருக்கிற ஆட்டத்தைக் கெடுக்காதீர்கள்" என்கிறார்கள். பெரிய செலவும் சண்டையும் இல்லாமல் தொடங்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் மண் தரைப் பக்கம் போகவே வேண்டாம். பூப்பந்தில் கம்பளிப் பந்து தரையைத் தொடுவதற்கு முன்பே அடித்துவிடுகிறோம், அதனால் மண் தரை போதும். பிக்கிள்பாலில் சர்வீஸ் ஒருமுறை தரையில் குத்தி எழும்பிய பிறகுதான் எதிரணி அடிக்கலாம். அவர்கள் திருப்பி அடித்ததையும் சர்வீஸ் போட்டவர்கள் ஒருமுறை குத்த விட்டே எடுக்க வேண்டும். ஓட்டை போட்ட அந்த பிளாஸ்டிக் பந்து மண்ணில் சரியாக எழும்பாது. பூப்பந்து ஆடுகளத்தில் கைவைக்க மாட்டோம் என்பதை மூத்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதிக் கோபம் அங்கேயே தணிந்துவிடும்.

மீதி இருப்பது ஷட்டில் கோர்ட். அதில் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். 1965-இல் அமெரிக்காவில், சியாட்டிலுக்கு எதிரே உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், ஒரு வீட்டின் பழைய ஷட்டில் கோர்ட்டில்தான் இந்த ஆட்டம் பிறந்தது. அதனால் அளவு அப்படியே பொருந்துகிறது: இரட்டையர் ஷட்டில் கோர்ட்டைப் போலவே 44 அடி நீளம், 20 அடி அகலம். மாற வேண்டியது ஒரு கோடு. ஷட்டிலில் முன் சர்வீஸ் கோடு வலையிலிருந்து ஆறரை அடியில் இருக்கும். பிக்கிள்பாலில் ‘கிச்சன்’ என்று சொல்லும் பகுதி 7 அடி. அதற்குள் நின்று பந்தைக் குத்த விடாமல் அடிக்கக் கூடாது. ஆகவே பழைய கோட்டுக்கு 6 அங்குலம் பின்னால், வேறு நிறத்தில் இன்னொரு கோடு இழுங்கள். "பழைய கோடே போதும், அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்த ஆட்டத்தில் தகராறு வருவதே பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான்.

வலையை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம் இருக்கும்படி இறக்கிக் கட்டுங்கள். ஷட்டில் வலையின் ஆழம் இரண்டரை அடிதான் என்பதால் அடியில் அரை அடி இடைவெளி விழும், பந்து அதன் வழியாக உருண்டு போகும். ஒரு பழைய வேட்டியைக் கிழித்து அடியில் கட்டிவிட்டால் சோதனைக் காலத்துக்குப் போதும். கோர்ட்டைச் சுற்றி இடம் எவ்வளவு என்றும் அளந்து பாருங்கள். ஓடியாட மொத்தம் 60 அடிக்கு 30 அடியாவது வேண்டும். பின்கோட்டை ஒட்டி மதில் இருந்தால் இந்தக் கோர்ட் சரிப்படாது.

உண்மையான சிக்கல் நேரம். புது ஆட்டம் வந்து மன்றங்கள் இரண்டுபடுவது பெரும்பாலும், காலை ஆறு மணிக்கு வழக்கமாக ஆடுகிறவர் வந்து நிற்கும்போது கோர்ட்டில் வேறு நான்கு பேர் ஆடிக்கொண்டிருப்பதால்தான். என் யோசனை: ஆடி மாதத்தில் தொடங்குங்கள். திறந்தவெளி ஷட்டில் ஆடுகிறவர்களுக்கு ஆடிக்காற்று எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோர்ட் சும்மா கிடக்கும் மாலைகள் அப்போது நிறைய கிடைக்கும். பிக்கிள்பாலையும் காற்று படுத்தும், ஆனால் ஷட்டில் அளவுக்கு இல்லை. வெளி ஆட்டத்துக்கென்று 40 ஓட்டைப் பந்து தனியாக வருகிறது. உள்ளரங்கத்துக்கான 26 ஓட்டைப் பந்தை விவரம் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். காற்று ஓய்ந்த பிறகு, ஷட்டில்காரர்கள் கிளம்பும் நேரத்துக்குப் பின் ஒரு மணி நேரம் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

சாமானுக்கு நான்கு மட்டையும் அரை டஜன் பந்தும் போதும். மர மட்டை மலிவு, ஆனால் கனமானது, தொடர்ந்து ஆடினால் முழங்கை வலிக்கும். இரண்டாவது முறை வாங்கும்போது மாற்றிக்கொள்ளுங்கள். இந்தச் செலவை மன்றப் பொதுநிதியில் எழுதாமல், ஆட விரும்புகிறவர்களே பங்கு போடட்டும். செயற்குழுவில் மூன்று மாதச் சோதனை என்று தீர்மானம் போட்டு மினிட்டில் ஏற்றுங்கள். மன்றம் பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் துணைவிதியில் ‘நோக்கங்கள்’ பகுதியையும் படித்துப் பாருங்கள். பொதுவாக ‘விளையாட்டுகள்’ என்று இருந்தால் சரி, ஆட்டங்களைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் பிறகு திருத்த வேண்டியிருக்கும்.

முதல் நாள் மட்டையை மூத்த பூப்பந்து ஆட்டக்காரர்கள் கையில் கொடுங்கள். இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. மணிக்கட்டைத் திருப்பிப் பந்தை வலைக்கு மேலே மெதுவாகத் தள்ளிவிடுவது அவர்களுக்குக் கைவந்த கலை, கிச்சன் ஓரத்தில் தேவைப்படுவதும் அதுதான். ஓங்கி அடித்தே பழகிய இளவட்டங்கள் இரண்டு வாரத்துக்கு அவர்களிடம் தோற்றுக்கொண்டிருப்பார்கள். அதுவும் நல்லதுதான்!

ஸ்கோரைச் சொல்லும் முறை புதியவர்களைக் குழப்பும். இரட்டையரில் மூன்று எண்கள்: நம் புள்ளி, எதிரணி புள்ளி, சர்வீஸ் போடுவது முதல் ஆளா இரண்டாம் ஆளா என்பது. ஆட்டம் ‘0-0-2’ என்று தொடங்கும், அதைக் கேட்டதும் எல்லோரும் விழிப்பார்கள். முதல் சில வாரம் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி, 11 எடுத்தால் வெற்றி என்று ஆடவிடுங்கள். காத்திருப்பவர்கள் கோர்ட் ஓரத்தில் மட்டைகளை வரிசையாக வைக்கும் வழக்கத்தை மட்டும் முதல் நாளே கொண்டுவாருங்கள். மட்டை வரிசைப்படி நான்கு நான்கு பேராக இறங்கினால், "நான்தான் முதலில் வந்தேன்" என்ற பேச்சே எழாது.

அறுபது தாண்டியவர்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: தலைக்கு மேலே போகும் பந்தைப் பிடிக்கப் பின்னோக்கி ஓடக் கூடாது. திரும்பி ஓடலாம், இல்லையென்றால் அந்தப் புள்ளியை விட்டுவிடலாம். சிமென்டில் மல்லாந்து விழுந்தால் மணிக்கட்டோ இடுப்போ முறியும். நடைப்பயிற்சி ஷூவும் வேண்டாம், பக்கவாட்டில் நகரும்போது கணுக்கால் மடங்கும். ஷட்டில் ஷூவே போதும்.

பக்கத்து வீடுகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மட்டையில் பந்து படும் ‘டக் டக்’ சத்தம் ஷட்டிலைவிடப் பல மடங்கு அதிகம். இரவு விளக்குப் போட்டு ஆடினால் புகார் வரும். எட்டு மணிக்கு வலையை அவிழ்ப்பது என்று நீங்களே முந்திக்கொண்டு முடிவு செய்துவிடுங்கள்.