நாற்றுக்கு இன்னும் பசிக்கவில்லை: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாற்றுக்கு உரமிடுவது பற்றியவை. தக்காளி, கத்தரி, மிளகாய் வளர்ப்பவர்கள்தான் அதிகம், எல்லோருக்கும் அவசரம். கீழே உள்ளவை மண் கலவையில் வளரும் நாற்றுகளுக்கானவை. கோகோபீட்காரர்களுக்கு, அதாவது தேங்காய் நார்த்தூளில் வளர்ப்பவர்களுக்கு, தனியாக ஒரு பதில் இருக்கிறது. அதை மற்றவர்கள் தமக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மிளகாய் விதை முளைத்து ஐந்து நாள் ஆகிறது. முதல் உரம் எப்போது கொடுக்கலாம்?

இப்போது வேண்டாம். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு இலைகளும் வித்திலைகள். விதை தன்னோடு கட்டிக்கொண்டு வந்த கட்டுச்சோறு அவைதாம். அடுத்து வரும் உண்மை இலைகள் தலைகாட்டும்வரை செடி அதை வைத்தே காலம் தள்ளும். வேரும் இன்னும் நூல் போலத்தான் இருக்கும். நீங்கள் கொட்டுவதை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை.

மூன்றாவது உண்மை இலை விரிந்த பிறகு யோசியுங்கள். கலவையில் நன்கு மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ இருந்தால், முளைத்ததிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு வெறும் தண்ணீரே போதும். வெறும் மண்ணும் மணலும்தான் என்றால் மூன்றாவது இலையிலேயே தொடங்கலாம். நீரில் கரையும் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள், அதாவது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், சம அளவில் உள்ளது) லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு முறை. ஐந்தாறு இலை வந்த பிறகு ஒரு கிராம். நாற்றுப் பருவத்தில் அதற்கு மேல் போக எந்தக் காரணமும் இல்லை. மண் ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போதுதான் உரநீர் ஊற்ற வேண்டும்.

இலை மஞ்சளாகிறது. என்ன உரம் போடலாம்?

கடிதம் இவ்வளவுதான். எந்தச் செடி, எத்தனை நாள், எந்த இலை, என்ன கலவை, எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் என்று ஒரு தகவலும் இல்லை. இப்படி எழுதினால் எனக்கு ஜோதிடம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, பொதுவாகச் சொல்கிறேன். வித்திலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால், மேலே நான்கைந்து உண்மை இலைகள் பச்சையாக இருக்கும்வரை கவலை வேண்டாம். அவற்றின் வேலை முடிந்தது. அடி இலைகள் சீராக வெளிறி, மஞ்சள் மேல்நோக்கி ஏறினால் தழைச்சத்துக் குறைவு. அடி இலையில் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். அதே கோலம் நுனிக் குருத்தில் தெரிந்தால் இரும்புச்சத்து. மண்ணில் இரும்பு இருந்தாலும், கார அமில நிலை (pH) 7.5-ஐத் தாண்டினால் செடியால் அதை எடுக்க முடியாது. அங்கே உரப் பையைத் தூக்குவதற்கு முன்னால் நீங்கள் ஊற்றும் தண்ணீரைச் சோதியுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது இன்னொன்று. தண்ணீர் அதிகமாகி, வேருக்குக் காற்றில்லாமல் செடி முழுதும் சோர்ந்து வெளிறும். ஒரு நாற்றைக் குழித்தட்டிலிருந்து மெல்ல உருவிப் பாருங்கள். வேர் வெள்ளையாக, மெல்லிய தூவிகளோடு மண்ணைப் பற்றியிருந்தால் நலம். பழுப்பேறி, விரலில் வழவழத்து, மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தால் அழுகல். அழுகிய வேருக்கு எந்த உரமும் மருந்தாகாது, தண்ணீரை நிறுத்துங்கள்.

வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீர் நாற்றுக்கு நல்லதா?

கொஞ்சம் சாம்பல் சத்து இறங்கும். தழைச்சத்து ஏறக்குறைய இல்லை. சிறு ஈக்கள் நிச்சயமாக வரும். தோலை மக்குக் குழியில் போடுங்கள்.

நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கிறது. சத்துப் போதவில்லையா?

வெளிச்சம் போதவில்லை. உரம் போட்டால் இன்னும் நீளும். வெயிலுக்கு நகர்த்துங்கள். விளக்கு என்றால் கீழே இறக்கி, ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். தக்காளியாக இருந்தால் மாற்றி நடும்போது தண்டை ஆழமாகப் புதைக்கலாம், வேர் விடும்.

வேர் நன்றாகப் பிடிக்க மணிச்சத்து அதிகம் உள்ள உரம் நாற்றுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) ஊறவைத்து ஊற்றுகிறேன். அளவு சொல்லுங்கள்.

அளவு: பூஜ்யம்.

இதே கேள்வி வேறு வேறு வாசகங்களில் எல்லா மாதமும் வருகிறது. தழைச்சத்து இலைக்கு, மணிச்சத்து வேருக்கு, சாம்பல் சத்து காய்க்கு என்று யாரோ எப்போதோ மூன்று வரியில் சுருக்கினார்கள். அதை ஆளாளுக்கு மனப்பாடம் செய்துவிட்டார்கள். புட்டியின் மீது வேர்ப் படம் வரைந்து 'வேர் ஊக்கி' என்று விற்பவர்களுக்கு இந்த மூன்று வரிகளே முதலீடு.

வேரின் நடத்தையைப் பார்த்தால் கதை வேறு. மணிச்சத்து குறைவாக இருக்கும் மண்ணில்தான் செடி இலையைக் குறைத்துக்கொண்டு வேரில் முதலீடு செய்கிறது, வேர்த்தூவிகளும் நீள்கின்றன. மணிச்சத்து மண்ணில் நகராத சரக்கு, சில மில்லிமீட்டர்தான் அசையும். எனவே வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். வேரின் காலடியிலேயே கொண்டுபோய்க் கொட்டினால் அது எதற்காக நடக்கப் போகிறது? வேரோடு கூடி வாழ்ந்து, தொலைவிலிருக்கும் மணிச்சத்தை எடுத்துத் தரும் மைக்கோரைசா பூஞ்சையும், மணிச்சத்து மிகுந்த மண்ணில் வேரில் குடியேறுவதைக் குறைத்துக்கொள்கிறது. பூஞ்சைப் பொட்டலத்தையும் வாங்கி, மேலேயே மணிச்சத்து உரத்தையும் ஊற்றுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மிஞ்சியது வீணாவதோடு நிற்பதும் இல்லை. துத்தநாகம், இரும்பு ஆகியவற்றைச் செடி எடுக்கவிடாமல் தடுக்கும். பிறகு குருத்து மஞ்சள் என்று எனக்கு இன்னொரு கடிதம் வரும்.

டி.ஏ.பி.யில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. மணிகள் கரையும் இடத்தில் காரத்தன்மை ஏறி, அம்மோனியா வெளிப்படும். வயலில், விதையிலிருந்து விலக்கி, சாலில் ஆழமாக வைக்கும்போது அதைத் தாங்க மண் நிறைய இருக்கிறது. ஒரு கைப்பிடி கலவைகூட இல்லாத குழியில் அந்த அம்மோனியா எங்கே போகும்? வேர் நுனிதான் கருகும்.

வயலில் தொடக்கத்தில் மணிச்சத்து வைக்கும் பழக்கம் பொய்யில்லை. குளிர்ந்த மண்ணில், மண் பரிசோதனையில் மணிச்சத்து குறைவு என்று தெரிந்த நிலத்தில், அது நன்றாகவே வேலை செய்யும். அந்த வழக்கத்தை அப்படியே தூக்கி வந்து, மக்கிய உரம் நிறைந்த தொட்டிக்குள் வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். நாற்றுக்கு மணிச்சத்து தேவை, ஆனால் சிறிதளவுதான். மக்கிய உரம் கலந்த கலவையில் அது தாராளமாக இருக்கிறது. வேர் பிடிக்க வேண்டுமா? கலவை பொலபொலப்பாக இருக்கட்டும், நனைத்த பிறகு மேல்மண் காய அவகாசம் கொடுங்கள். செலவில்லாத வேர் ஊக்கி அதுதான்.

தக்காளி நாற்றின் இலை அடிப்புறம் ஊதாவாக இருக்கிறது. இதுவாவது மணிச்சத்துக் குறைவுதானே?

அறிகுறி அதுதான், காரணம் பெரும்பாலும் குளிர். மண் 15 டிகிரிக்குக் கீழே போனால், இருக்கும் மணிச்சத்தையும் வேரால் எடுக்க முடியாது. தட்டைக் கதகதப்பான இடத்துக்கு மாற்றுங்கள். புதிய இலைகள் பச்சையாக வரும். மிளகாயின் கணுக்களில் ஊதாக் கறை தெரிந்தால் அது பல ரகங்களின் இயல்பு, விட்டுவிடுங்கள்.

பாக்கெட்டில் சொன்னபடி லிட்டருக்கு ஒரு ஸ்பூன் போட்டேன். இலை நுனி கருகிவிட்டது. உரம் போலியா?

உரம் அசல்தான், ஸ்பூன்தான் போலி. சிறிய தேக்கரண்டியைத் தட்டி அளந்தால் ஏறக்குறைய 5 கிராம். குவித்து எடுத்தால் ஏழு எட்டு. பாக்கெட்டில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வளர்ந்த செடிக்கான அளவு. நாற்றுக்கு அதில் கால் பங்கே அதிகம். தட்டி அளந்த ஒரு தேக்கரண்டியைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்தால் நான் மேலே சொன்ன அரை கிராம் கணக்கு வந்துவிடும். ஸ்பூனை நம்பாதீர்கள், சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கருகல் எப்படி வருகிறது என்று பார்க்க ஆசையிருந்தால் விடியற்காலையில் நாற்றின் அருகே குனியுங்கள். இலை விளிம்பின் பல் நுனிகளில் ஒவ்வொரு சொட்டு நீர் நிற்கும். இரவில் வேர் தள்ளிய நீர் அது. கரைந்த உப்புகளும் அதில் இருக்கும். வெயில் ஏறியதும் நீர் போய்விடும், உப்பு அங்கேயே தங்கும். தொட்டி விளிம்பில் வெண்ணிறப் பொருக்கும் கண்டால் சந்தேகமே வேண்டாம், உப்பு மிஞ்சிவிட்டது. பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியில் முழுதும் வடியவிடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். பிறகு இரண்டு வாரம் உரப் பக்கமே போகாதீர்கள். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. புதிய இலையை வைத்துத்தான் தீர்ப்பு.

இதே வாசகர் 'மண் நன்றாகக் காய்ந்திருந்தது, அதனால் தாராளமாக ஊற்றினேன்' என்றும் எழுதியிருக்கிறார். காய்ந்த மண்ணில் உரநீர் ஊற்றாதீர்கள். முதலில் வெறும் தண்ணீர், அரை மணி நேரம் கழித்து உரநீர்.

கலவையில் பாதிக்குப் பாதி மண்புழு உரம் சேர்த்தேன். இன்னும் சேர்க்கலாமா?

ஏற்கெனவே அதிகம். நாற்றுக் கலவையில் 10 முதல் 20 சதவீதம் போதும். அதற்கு மேல் உப்பும் ஈரமும் தங்கும். இந்தத் தட்டுக்கு நாற்றுப் பருவம் முடியும்வரை வேறு எதுவும் கொடுக்காதீர்கள்.

மண்ணே இல்லை, வெறும் கோகோபீட். எனக்கும் மூன்று வாரம் காத்திருக்கச் சொல்வீர்களா?

இல்லை. அதில் செடிக்குச் சாப்பிட எதுவுமில்லை. முதல் உண்மை இலை தெரிந்ததும் லிட்டருக்கு கால் கிராமில் தொடங்கி, நீர் விடும்போதெல்லாம் மிக நீர்த்த கரைசலாகக் கொடுங்கள். அதற்கு முன் பீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவியிருக்க வேண்டும்; தேங்காய் நாரில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் இயல்பாகவே இருக்கும். கால்சியத்தை அது பிடித்து வைத்துக்கொள்வதால் கால்சியம் நைட்ரேட் தனியாகத் தேவைப்படும். அதை மற்ற உரத்தோடு அடர்கரைசலாக ஒரே வாளியில் கலக்காதீர்கள். மணிச்சத்தும் சல்பேட்டும் கால்சியத்தோடு சேர்ந்து அடியில் சுண்ணாம்பு போலப் படியும். ஒரு வாரம் இது, மறுவாரம் அது.

எப்சம் உப்பு வாரம் ஒரு முறை தெளிக்கலாமா?

எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியம் குறைந்திருக்கிறது என்று தெரியுமா? தெரியாது என்றால் வேண்டாம். தேவையில்லாத மெக்னீசியம் கால்சியத்தோடு போட்டி போடும்.

இலைவழியாக உரம் தெளித்தால் சீக்கிரம் பலிக்குமாமே?

நுண்ணூட்டங்களுக்குப் பலிக்கும். தழை, மணி, சாம்பல் சத்துகளைச் செடி கேட்கும் அளவில் இலைவழியாக ஊட்ட முடியாது. நாற்றின் இலை மெல்லியது, சீக்கிரம் கருகும். நாற்று உண்மையிலேயே கேட்டால் மட்டும், காலை இளவெயிலில், வேருக்குச் சொன்னதில் பாதி அளவு.

நேற்றுவரை நன்றாக இருந்த நாற்றுகள் மண் மட்டத்தில் தண்டு இளைத்து வரிசையாக விழுந்துவிட்டன. எந்தச் சத்துக் குறைவு?

சத்துக் குறைவில்லை, நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோய்க்கிருமிகளின் வேலை. விழுந்தவை திரும்பாது, அவற்றைச் சுற்றியுள்ள கலவையோடு அப்புறப்படுத்துங்கள். மீதமுள்ளவற்றுக்குக் காற்றோட்டம் கொடுத்து, மேல்மண்ணைக் காயவிட்டு, தண்ணீரைத் தட்டின் அடியிலிருந்து ஏறவிடுங்கள். கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் யூரியா போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அது தண்டை நீர் நிறைந்ததாகவும் மென்மையாகவும் ஆக்கி நோய்க்கு வாசல் திறந்துவிடும். நாற்றுத் தட்டின் அருகில்கூட அதை வைக்காதீர்கள்.

பீன்ஸ் நாற்றுக்கும் இதே அளவா?

பீன்ஸுக்கு எதுவும் வேண்டாம். தழைச்சத்து கொடுத்தால், காற்றிலிருந்து அதைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சு கட்டுவதைச் செடி குறைத்துக்கொள்ளும். பீன்ஸை நாற்றாக வளர்ப்பதும் தேவையில்லாத வேலை, நேரடியாக ஊன்றுங்கள்.

நாளை மறுநாள் தோட்டத்தில் நடப்போகிறேன். புறப்படும் முன் நன்றாக உரம் கொடுத்து அனுப்பலாமா?

கூடாது. நடுவதற்கு ஒரு வாரம் முன்பே உரத்தை நிறுத்தி, தண்ணீரையும் குறைத்து, வெயிலுக்குப் பழக்கியிருக்க வேண்டும். பழக்கவில்லை என்றால் நடவை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். நட்ட பிறகும் ஏழு முதல் பத்து நாள் வெறும் தண்ணீர்தான். புதிய துளிர் வந்ததும் முதல் உரம். அன்றும் மண் ஈரமாக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.