போன வருடம் இறுதி ஆட்டம் வரை வந்த சின்னக் கல்லூரி அணி, இந்த வருடம் ஏன் திணறுகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நம் பிள்ளைகள் ஆடும் கூடைப்பந்து அணியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கோப்பை நிச்சயம் என்று ஊரே நம்பியிருக்க, முதல் ஆட்டங்களிலேயே தோல்வி. பையன்களுக்குத் தலைக்கனம் என்று பேசுவது அநியாயம்.

முக்கியக் காரணம் ஆள் பற்றாக்குறை. ஓர் அணியில் 12 பேர் வரை இருக்கலாம். இங்கே தைரியமாக இறக்கக்கூடியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதிகள். மூன்றாவது பகுதியிலேயே கால் ஓய்ந்துவிடுகிறது. நகர்ந்து மறிக்க வேண்டிய இடத்தில் எதிராளியின் மணிக்கட்டில் தட்டிவிடுகிறார்கள், உடனே விசில். 5 தவறு செய்தவர் வெளியே போக வேண்டும். ஒரு பகுதியில் அணியின் தவறுகள் நான்கு ஆகிவிட்டால், அதன்பின் தடுப்பாட்டத்தில் செய்யும் ஒவ்வொரு தவறுக்கும் எதிரணிக்கு இரண்டு இலவச எறிதல்.

அப்புறம், போன வருடம் இவர்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது நன்றாகப் புள்ளி எடுக்கும் பையனை இரண்டு பேர் சுற்றிக்கொள்கிறார்கள். 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்பதால் அவசர எறிதல்தான் மிஞ்சுகிறது. மூலையில் ஒருவன் தனியாக நின்று கையை நீட்டுவான்; பந்து அவனுக்குப் போவதே இல்லை. சாயங்கால மழையில் திறந்தவெளி சிமெண்டுத் தளம் வழுக்கிப் பயிற்சியும் கெடுகிறது.

பெஞ்சில் இருப்பவர்களை முதல் பகுதியிலேயே இறக்க வேண்டும், நாலு புள்ளி போனாலும் சரி. செம்பனைத் தோட்டத்து அண்ணன்மார் வார இறுதியில் எதிரணியாக வந்து ஆடிக் கொடுங்கள். தடுக்க ஆள் இல்லாமல் இரட்டைத் தடுப்பை உடைக்கப் பழக முடியாது.