கத்திப் பிடிக்கு எந்த மரம்? கேட்டவையும் சொன்னவையும்

முதல் தடவையாகக் கத்திக்குப் பிடி போடப் போகிறேன். கருங்காலி, தேக்கு, ஈட்டி மூன்றும் கையில் இருக்கின்றன. எதை எடுக்கட்டும், சார்?

ஈட்டியை எடுங்கள். கருங்காலி பார்க்க அழகு, ஆனால் பழகாத கைக்கு அடங்காது. உப்புத்தாளில் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றினால் மயிரிழை விரிசல் விட்டுவிடும். தேக்கு தண்ணீரைத் தாங்கும். ஆனால் அதில் சிலிக்கா இருப்பதால் அரம் சீக்கிரம் மழுங்கும். எண்ணெய்ப் பசையும் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் எப்பாக்ஸி ஒட்டுப்பசை சரியாகப் பிடிக்காது. ஈட்டியிலும் எண்ணெய்ப் பசை உண்டு, அதையும் துடைத்துவிட்டே ஒட்டுங்கள்.

காற்றில் விழுந்த புளியமரத்திலிருந்து நல்ல வைரக்கட்டை கிடைத்தது. இரண்டு வாரம் வெயிலில் காய வைத்தேன். போதுமா?

போதாது. வெயிலில் இருந்து முதலில் எடுத்துவிடுங்கள். மேற்புறம் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் நிற்க, கட்டை பிளந்துகொள்ளும். பிடிக்கு வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகளாக இப்போதே அறுத்து, இரண்டு முனைகளிலும் மெழுகு தடவி, காற்றோட்டமுள்ள நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. நான் கணக்கைவிடத் தராசை நம்புகிறேன். துண்டின் மேலேயே தேதியையும் எடையையும் பென்சிலால் எழுதி, வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்று சில வாரம் ஆன பிறகு பிடியின் அளவுக்கு அறுக்கலாம்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? காயும்போது மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அதிலும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரும்பு சுருங்காதே! வழவழப்பாக முடித்த பிடியில் சில மாதம் கழித்துக் கட்டைவிரலை ஓட்டினால், இரும்பின் விளிம்பு தனியாகத் துருத்திக்கொண்டு விரலில் இடறும். இதற்கு மரத்தின் சாதியைக் குறை சொல்லிப் பயனில்லை.

மரத்தின் ரேகை எப்படி ஓட வேண்டும்?

பிடியின் நீளத்தோடு, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. முகத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், பக்கவாட்டையும் பாருங்கள். கோடுகள் பாதியிலேயே விளிம்பைத் தாண்டி வெளியே ஓடினால், ஆணிக்குத் துளை போடும்போதே அந்த வழியாகப் பிளக்கும். கணு வேண்டவே வேண்டாம்.

அழகான கோலம் விழுந்த கட்டை ஒன்று, ஆனால் நகம் பதிகிற அளவுக்கு மென்மை. தூக்கி எறிவதா, அண்ணா?

எறியாதீர்கள். நன்றாகக் காய வைத்து, வெற்றிடத்தில் அக்ரிலிக் பிசினில் ஊற வைத்துச் சூட்டில் இறுக்கினால் அருமையான பிடி ஆகும். துளைகள் திறந்த இந்த மாதிரி மரம்தான் பிசினை நன்றாகக் குடிக்கும். கருங்காலிக்கு இதைச் செய்வது வீண். அது உள்ளே வாங்காது.

தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வேண்டாம். அது காய்ந்து இறுகாது, பிசுபிசுப்பு நின்று நாளாக நாளாகச் சிக்கு வாடை அடிக்கும். ஆளி விதை எண்ணெயோ டங் மரக்கொட்டை எண்ணெயோ மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது. முனைகள்தான் ஈரத்தை இழுக்கும், அங்கே ஒரு பூச்சு கூடுதல். அப்புறம் ஒன்று: ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்துக் காய வையுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஈட்டிக்கட்டை வரவழைக்கலாமா?

வாங்கும் முன் விதியைப் பாருங்கள். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்ஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது.

ஈட்டியைத் தேய்த்தால் கை அரிக்கிறதே?

அந்தத் தூசி சிலருக்கு ஒவ்வாது. முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போட்டுப் பாருங்கள். அப்படியும் அரித்தால் மரத்தை மாற்றிவிடுங்கள்; போகப் போகப் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒவ்வாமை பெரும்பாலும் கூடத்தான் செய்யும்.