வகுத்தலில் ‘ஈவு’ என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

“வகுத்தல் கணக்கைப் போட வருகிறது, ஆனால் ஈவு எதைச் சொல்கிறது என்று பிடிபடவில்லை” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் வெகுநாள் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்பில் 618-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னார்கள். 13 என்று எழுதி முதல் ஆளாக நோட்டை நீட்டினேன். சிவப்பு மையில் பெரிய தப்புக்குறி விழுந்தது.

அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 618 என்பது 6 நூறு, 1 பத்து, 8 ஒன்று. ஆறு பேருக்குப் பங்கு போட வேண்டும். நூறு ஆறு இருக்கிறது, ஆளுக்கு 1. அடுத்து இருப்பது ஒரே ஒரு பத்து. அதை அப்படியே ஆறு பேருக்குக் கொடுக்க முடியாது, ஆகவே பத்தாம் இடத்தில் ஆளுக்கு 0. அந்தப் பத்தை ஒன்றுகளாக உடைத்து 8-உடன் சேர்த்தால் 18, ஆளுக்கு 3. ஈவு 103. “1-இல் 6 போகாது” என்று முணுமுணுத்துவிட்டு, பூச்சியம் போடாமலே நான் அடுத்த இலக்கத்தை இறக்கியிருந்தேன். இலக்கத்தை இறக்குவது என்று நாம் சொல்வது இந்த உடைக்கும் வேலையைத்தான். அதை யாரும் சொல்லித் தருவதில்லை. 600-க்கு மேல் இருப்பதை ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நூறாவது தேற வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்திருந்தால் மாட்டியிருக்க மாட்டேன்.

ஈவு என்ற சொல்லும் ஈதலோடு உறவுள்ளதுதான். ஈதல் என்றால் கொடுத்தல். ஆளுக்கு எவ்வளவு கொடுத்தோமோ அது ஈவு.

ஆனால் பங்கு போடுவதை மட்டும் பிடித்துக்கொண்டால் ஓரிடத்தில் இடிக்கும். 6-ஐ ½-ஆல் வகுத்தால் 12. அரை ஆளுக்கு எப்படிப் பங்கு கொடுப்பது? அங்கே கேள்வியை மாற்ற வேண்டும்: 6-இல் எத்தனை அரை இருக்கிறது? பன்னிரண்டு. சரி, 12-ஐ 0-ஆல்? 12-இலிருந்து எத்தனை முறை 0-ஐக் கழித்தாலும் 12 அப்படியே நிற்கும். அதனால்தான் அதற்கு விடையே இல்லை.

அப்புறம் மீதி. 17-ஐ 5-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 2. கால்குலேட்டரோ 3.4 என்கிறது. அந்த 4-ஐ மீதி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். மீதி 2-ஐயும் விடாமல் 5-ஆல் வகுத்ததால் வந்த 0.4 அது.

எது உங்களுக்கு வேண்டும் என்பதைக் கேள்விதான் முடிவு செய்யும். இன்று திங்கள் என்றால் 100 நாள் கழித்து என்ன கிழமை? 7-ஆல் வகுத்தால் ஈவு 14, மீதி 2. இங்கே ஈவை மறந்துவிடலாம். மீதியை வைத்தே புதன் என்று சொல்லிவிடலாம். 130 பேர், 40 இருக்கை கொண்ட பேருந்து என்றால் ஈவு 3, மீதி 10. அந்தப் பத்துப் பேரை விட்டுவிட்டுப் போக முடியாதே, நான்காவது வண்டி பிடித்துத்தான் ஆக வேண்டும்.