ஜெனரேட்டரும் அதற்கான காற்றும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (தளியிலிருந்து): பசுமைக்குடிலில் ரோஜா போடுகிறோம். பறித்த பூவை வைக்கும் குளிர்அறைக்கு 5 எச்.பி. கம்ப்ரசர் ஓடுகிறது. போர்வெல்லில் 7.5 எச்.பி. சப்மெர்சிபிள். விளக்கும் ஃபேனுமாக 2 கிலோவாட். ஒரு டீலர் 15 கேவிஏ ஜெனரேட்டர் போதும் என்கிறார். இன்னொருவர் 40-க்குக் குறைந்து வாங்கவே வாங்காதீர்கள் என்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1 எச்.பி. என்பது 0.746 கிலோவாட். மோட்டாரின் உள்இழப்பையும் சேர்த்தால் உங்கள் பம்ப் ஓடும்போது சுமார் 7 கிலோவாட் இழுக்கும், கம்ப்ரசர் 4.5. விளக்கு, ஃபேனையும் கூட்டினால் 13.5 கிலோவாட். ஜெனரேட்டரின் அளவைச் சொல்லும் கேவிஏவுக்கு மாற்ற, இதை 0.8 பவர் ஃபேக்டரால் வகுத்தால் 17 கேவிஏ. ஆக, 15 கேவிஏ ஓடும் சுமைக்கே பற்றாது.

40 சொன்னவரின் பயம் ஸ்டார்ட்டிங் கரண்டைப் பற்றியது. நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப் போல ஆறு மடங்கு இழுக்கும். 7.5 எச்.பி. பம்ப் அந்தச் சில நொடிகளுக்கு 50 கேவிஏ அளவுக்குக் கேட்கும். வோல்டேஜ் சரிந்து கான்டாக்டர்கள் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் காந்த ஸ்விட்சுகள்) விட்டுவிடும், குளிர்அறையும் நின்றுபோகும். இதற்கு மருந்து பெரிய செட் இல்லை, ஸ்டார்ட்டர். பம்புக்கு ஸ்டார்-டெல்டா (குறைந்த வோல்டேஜில் கிளப்பி, பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றும் ஸ்டார்ட்டர்) போட்டால் அந்த இழுப்பு மூன்றில் ஒரு பங்காகும். அதற்கு மோட்டாரிலிருந்து ஆறு வயர் மேலே வந்திருக்க வேண்டும், முதலில் அதைப் பாருங்கள். கம்ப்ரசருக்கு, வோல்டேஜை மெல்ல ஏற்றிக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பாதபடி டைமர் வையுங்கள். கரண்ட் போய் வந்ததும் கம்ப்ரசர் உடனே கிளம்பக் கூடாது, 3 முதல் 5 நிமிடம் இடைவெளி வேண்டும். உள்ளே கேஸ் அழுத்தம் சமமாகாமல் கிளம்பினால் மோட்டார் திணறி ட்ரிப் ஆகும், சில தடவையில் வைண்டிங்கே எரியும்.

இந்த ஏற்பாட்டோடு 25 கேவிஏ வாங்குங்கள். அது 20 கிலோவாட் தரும். உங்கள் முழுச் சுமை அதில் மூன்றில் இரண்டு பங்கு, டீசல் எஞ்சினுக்கு இதுதான் உகந்த இடம். பம்ப் நின்ற நேரத்தில் மீதமிருக்கும் 6.5 கிலோவாட்டும் 30 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். அதே சுமை 40 கேவிஏ செட்டில் 20 சதவீதம்தான். அப்படி மாதக்கணக்கில் குறைந்த சுமையில் ஓடினால் எஞ்சின் போதிய சூட்டுக்கு வராது. எரியாத டீசல் கரியோடு சேர்ந்து சைலன்சரில் கறுப்புப் பிசினாக வடியும், இன்ஜெக்டர் முனை அடைபடும், ஆயில் மெலியும். பெரிதாக வாங்கினால் நல்லது என்ற நினைப்பால் கெட்டுப்போகும் செட்டுகள் ஏராளம்.

ஓசூர், தளி பக்கம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத எஞ்சின் இந்த உயரத்தில் பத்து சதவீதம் வரை திறன் இழக்கக்கூடும். உயரத்துக்கான குறைப்பு அட்டவணையை டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2023 ஜூலை 1 முதல் மாறிவிட்டன. புது செட் என்றால் சிபிசிபி (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்) 4 பிளஸ் முத்திரை உள்ளதா என்று பாருங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணத்திலிருந்து): எங்கள் கல்யாண மண்டபத்தில் 25 கேவிஏ செட்டை 10-க்கு 10 அறையில் வைத்திருக்கிறோம். சத்தம் வெளியே போகக் கூடாதென்று கதவைச் சாத்தி, சுவரில் 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று போட்டோம். முக்கால் மணி நேரத்தில் சூடு அதிகமென்று நின்றுவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றினோம், தெர்மோஸ்டாட்டும் மாற்றினோம், சரியாகவில்லை.

பதில்: ரேடியேட்டர் மேல் தப்பே இல்லை. அந்த எஞ்சினுக்கு மூச்சுவிட இடமில்லை.

முழுச் சுமையில் 25 கேவிஏ செட் மணிக்கு 6 லிட்டர் டீசல் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் சுமார் 10 கிலோவாட்-மணி சக்தி இருக்கிறது. ஆக உள்ளே போவது 60. அதில் 20 கரண்டாக வருகிறது, இன்னொரு 20 புகைக்குழாய் வழியே போகிறது, மீதி 20 கிலோவாட் ரேடியேட்டரிலிருந்தும் எஞ்சின் உடம்பிலிருந்தும் அறைக்குள் இறங்குகிறது. பத்து கீசர்களை அந்தச் சின்ன அறைக்குள் போட்டு மூடியதற்குச் சமம்.

டீசல் எரிய மணிக்கு 100 கன மீட்டர் காற்று இருந்தால் போதும். எஞ்சினுக்கு வேண்டிய காற்று அவ்வளவுதான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த 20 கிலோவாட் சூட்டை, அறைக்காற்று 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியேற்ற மணிக்கு 6,000 கன மீட்டர் தேவை. உங்கள் 12 அங்குல ஃபேன் அதில் கால் பங்கைத் தள்ளினாலே அதிகம். பங்குனி, சித்திரையில் வெளியே 38 டிகிரி இருக்கும்போது அறைக்குள் என்ன இருக்கும் என்று யோசியுங்கள்.

அந்தக் காற்று நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் நுழைய, 7 சதுர அடி திறந்த வாய் வேண்டும். மழைக்குத் தடுப்பாக லூவர் (சாய்ந்த தகட்டு அடுக்கு) போட்டால் பாதி பரப்பு தகட்டுக்கே போய்விடும், ஆகவே சுவரில் 14 சதுர அடி உடைக்க வேண்டியிருக்கும். கொசுவலை அடிக்காதீர்கள், ஒரே வாரத்தில் தூசி அடைத்துவிடும். எலிக்குக் கம்பிவலை போதும்.

வாயின் அளவைவிட அது இருக்கும் இடம் முக்கியம். காற்று ஆல்டர்னேட்டர் (கரண்ட் உண்டாக்கும் பகுதி) பக்கம் கீழே நுழைந்து, எஞ்சின் முழுதும் தழுவி, ரேடியேட்டர் வழியே நேராக வெளியே போக வேண்டும். ரேடியேட்டர் முகத்துக்கும் சுவரில் உள்ள வாய்க்கும் நடுவே தகட்டு டக்ட் போட்டு, அதிர்வு தாங்க கேன்வாஸ் இணைப்பு வையுங்கள். டக்ட் இல்லாவிட்டால் வெளியேறிய சூடான காற்று திரும்பி அறைக்குள் சுழன்று அதே ரேடியேட்டரில் மறுபடி நுழையும். சோதிப்பது எளிது: செட் அரை மணி ஓடியபின் காற்று நுழையும் வாயருகே ஒரு தெர்மாமீட்டரும், வெளியே நிழலில் ஒன்றும் வையுங்கள். வித்தியாசம் 5 டிகிரியைத் தாண்டினால் சூடு திரும்பி வருகிறது. இப்போதுள்ள எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிவிடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஒரு பக்கம் தள்ள, இது வேறு பக்கம் இழுத்து அதோடு சண்டை போடுகிறது.

வெளிவாயை மேற்கே வைக்காதீர்கள். ஆடிக் காற்று எதிர்த்து அடித்தால் ரேடியேட்டர் ஃபேனால் தள்ள முடியாது. மேற்கில் நுழைந்து கிழக்கில் வெளியேறட்டும். புகைக்குழாய்க்குக் கண்ணாடி இழைக் கம்பளி (கிளாஸ் வூல்) சுற்றுங்கள், சூடு வெகுவாகக் குறையும். வளைவுகள் நீண்டவையாகவும் குறைவாகவும் இருக்கட்டும். மழைநீரும் நீராவி படிந்த நீரும் எஞ்சினுக்குள் திரும்பாதபடி குழாயை வெளிப்பக்கம் சரித்து, கீழே ஒரு வடிகுழாய் விடுங்கள். புகைக்குழாயின் உயரம்: கட்டட உயரத்தோடு, கேவிஏவின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கி வரும் மீட்டரைக் கூட்டுங்கள். 25 கேவிஏக்கு ஒரு மீட்டர்.

சத்தத்துக்கு அறை தேவையே இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் கேனப்பியுடன் (சத்தம் அடக்கும் பெட்டி) 1 மீட்டர் தள்ளி 75 டெசிபலுக்கு மேல் வரக் கூடாது என்பது விதி. உங்கள் செட்டுக்கு கேனப்பி இருந்தால் கூரை மட்டும் போட்டு வெளியே வைப்பதே மேல். பக்கத்தில் கிரானைட் பட்டறை இருந்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகட்டு இடுக்குகளில் கல்மாவு அடையும். காற்று போகும் திசைக்கு எதிராக, லேசான அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

கேள்வி (பாலக்கோட்டிலிருந்து): மகன் ஆலப்புழையில் படகுவீடு ஒன்றைக் குத்தகைக்கு எடுக்கிறான். இரண்டு 1.5 டன் ஏ.சி. உண்டு. நிலத்தில் ஓடும் செட்டையே ஏற்றலாமா?

பதில்: ஏற்றக் கூடாது. படகின் வயிற்றில் ரேடியேட்டர் செட்டுக்கு வேண்டிய காற்று கிடைக்காது. கடல் வகை செட் வெளித்தண்ணீரை இழுத்துக் குளிர்விக்கும், அந்தத் தண்ணீரைப் புகையோடு கலந்து வெளியே தள்ளும். இரண்டு ஏ.சி., ஃபிரிட்ஜ், விளக்கு, பம்ப் சேர்த்து 5 கிலோவாட் வரும். ஏ.சி. இன்வெர்ட்டர் வகையாக இருந்தால் 7.5 கேவிஏ போதும்.

தண்ணீர் குளிர்வித்தாலும் ஆல்டர்னேட்டர் சூடு அறைக்குள்தான் விழும். வெளிக்காற்றுக் குழாயை அறையின் அடிவரை இறக்குங்கள், சூடான காற்று மேலிருந்து வெளியேறட்டும், ஒரு ஃபேன் அதை இழுக்கட்டும். குளிர்வித்த தண்ணீரைப் புகைக்குழாய்க்குக் கொண்டுபோகும் குழாய் நீர்மட்டத்துக்கு மேல் ஏறி வளைய வேண்டும். அந்த வளைவின் உச்சியில் காற்று வால்வு இல்லையென்றால், எஞ்சின் நின்றபின் தண்ணீர் சைஃபனாகி (தானாக இழுபட்டு) சிலிண்டருக்குள் புகுந்துவிடும். கிளம்பாத எஞ்சினைத் திரும்பத் திரும்பச் சுற்றினாலும் இதேதான், ஆகவே அப்போது தண்ணீர் வால்வை மூடிவிட்டு முயலட்டும், கிளம்பியவுடன் திறக்கட்டும். ஸ்டார்ட் ஆனதும் புகைவாயில் தண்ணீர் வருகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (சுழலும் இறக்கை) பழுதாகியிருக்கும், ஆலப்புழைக் காயலில் பாசி, ஆகாயத்தாமரை அடைப்பும் உண்டு. படுக்கையறை ஒவ்வொன்றிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். காற்று படகின் பின்னாலிருந்து அடித்தால் புகை ஜன்னல் வழியே உள்ளே வரும்.

கேள்வி (பென்னாகரத்திலிருந்து): கடையின் பின்னால் உள்ள சந்தில் 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஓட்டுகிறோம். மழை வந்தால் ஷட்டருக்குள் இழுத்து, ஷட்டரைப் பாதி ஏற்றி வைப்போம். பரவாயில்லையா?

பதில்: இன்றே நிறுத்துங்கள். பெட்ரோல் எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். பாதி ஷட்டர் காப்பாற்றாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார்கள், அங்கேதான் உயிர் போகிறது. ஜன்னல், கதவிலிருந்து 20 அடி தள்ளி, புகைவாய் கட்டடத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பி இருக்க வேண்டும். மழைக்கு நான்கு பக்கமும் திறந்த தகரக் கூரை போடுங்கள். இடமே இல்லையென்றால் 2 கேவிஏக்கு பேட்டரி இன்வெர்ட்டர்தான் சரி.

கடை வயரிங்கோடு இணைக்க சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் (லைன் கரண்ட், ஜெனரேட்டர் கரண்ட் இரண்டில் ஒன்றை மட்டும் இணைப்பது) வைத்திருக்கிறீர்களா? பிளக் பாயிண்ட்டில் வயரைச் செருகி ஓட்டினால் உங்கள் ஜெனரேட்டரின் கரண்ட், மீட்டர் வழியே வெளி லைனுக்குப் போகும். கம்பத்தில் ஏறியிருக்கும் மின் ஊழியருக்கு அது தெரியாது.